கன்னி மூலையில் வைத்த சீர்

கோயம்புத்தூர்க் கடையில் எங்களை உட்கார வைத்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த விற்பனையாளர் முதலில் ஒரு ஹெலிகாப்டரை எங்கள் தலைக்கு மேல் பறக்க விட்டார். அப்புறம் ஒரு பாலத்தை இடித்தார். அதுவும் போதாமல் ஒரு கண்ணாடிக் கட்டடத்தை நொறுக்கி, சில்லுகளை எங்கள் முதுகுக்குப் பின்னால் உருள விட்டார். விளக்கைப் போட்டு, அத்தனை நாசத்தையும் தன் கையாலேயே செய்து முடித்தவர் மாதிரி, "எப்படி சார்?" என்றார்.

"யாராவது பேசற மாதிரி ஒன்னு போடுங்களேன்" என்றேன்.

"பேச்சா சார்?" அவர் முகத்தில் இரக்கம் வந்தது. "பேச்சு எதுல வேணும்னாலும் கேக்கும் சார். அதுக்கு எதுக்கு ஹோம் தியேட்டர்?"

என் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதில் அவளுக்கு விழவில்லை. அவர் அவளுடைய இடது பக்கம் நின்று சொல்லியிருந்தார்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய இடது காதையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வலது காதிலும் கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கொண்டது. எல்லைக்கு மலையாளப் பக்கம், பெருமாட்டி ஊரில் எங்கள் தோப்பு வீட்டில் காற்றும் ஒரு குடித்தனக்காரன் மாதிரி. கணவாய் வழியாக வருவான், பனை ஓலைகளைப் பிடித்து உலுக்குவான், தென்னை மட்டைகளை ஒன்றோடொன்று அடித்துச் சண்டை மூட்டுவான். ஒரு நாள் காலையில் வாசலில் நின்றுகொண்டிருந்தவள் சொன்னாள்: "இப்பெல்லாம் காத்து ஒரு பக்கமாத்தான் அடிக்குதுங்க." இருபது வருடம் எழுதிக் கிழித்த எனக்கு அப்படி ஒரு வரி வாய்த்ததில்லை. அவளோ அதைச் சொல்லிவிட்டுக் கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மருத்துவர் கொடுத்த காது மெஷின் தட்டுச் சத்தத்தையும் பேச்சையும் ஒரே தராசில் வைத்துப் பெரிதாக்கிக் கொடுத்தது. கரண்டி விழுந்தால் இடி. ஆள் பேசினால் அதுவும் இடி. அதை ஒரு சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். எதற்கும் புலம்பாதவள். ஆனால் அவளுடைய சிரிப்பு தாமதமாக வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் மலையாளப் படம்தான் அதிகம். இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்து வாய்க்கு வாய் பேசி ஒருவனையொருவன் உரிக்கிற படங்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, அவள் எங்கள் முகங்களைப் பார்ப்பாள். ஓகோ, சிரிக்க வேண்டிய இடம்போல இருக்கிறது என்று கணக்குப் பண்ணிச் சிரிப்பாள். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் நின்றது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை இல்லாத சமையலறைக்கு எழுந்து போகத் தொடங்கினாள்.

மாடியில் புதிதாக ஓர் அறை கட்டுவதென்று முடிவானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த ரூம்ல பேச்சு வெளங்கற மாதிரி ஒன்னு வெச்சுக் குடுங்க. சத்தம் வேண்டாமுங்க. சத்தம் எனக்குக் கேக்குது. பேச்சுத்தான் கேக்கறதில்ல."

அதற்காகத்தான் அந்தக் கறுப்புப் பஞ்சறை.

அதற்கு முன்னால் நான் இணையத்தில் மூழ்கிக் கிடந்தேன். ஸ்பீக்கர் வாங்குகிறவர்களின் உலகம் ஒன்று அங்கே இருக்கிறது. அங்கே ஒலிக்கு வெதுவெதுப்பு உண்டு. பட்டு உண்டு, தேன் உண்டு, வெண்ணெய் உண்டு. ஒரு தாமிரக் கம்பியை மாற்றியதும் 'திரை விலகியது' என்று ஒருவர் எழுதுகிறார். 'அழுதுவிட்டேன்' என்கிறார் இன்னொருவர். என் தொழிலின் உரிச்சொற்கள் அத்தனையையும் களவாடிக்கொண்டு போய் ஒயருக்குக் கட்டிவிட்டார்கள். கவிதை வாசிக்கிறவனுக்குப் பஞ்சம் வந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லோரும் அங்கே உட்கார்ந்து ஒயரை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குப்பையிலிருந்து நான் பொறுக்கி எடுத்தது இவ்வளவுதான். திரைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, திரைக்குக் கீழே நடுவில் ஒன்று என்று முன்னால் நிற்கும் மூன்று ஸ்பீக்கரும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் ஓர் ஆள் குறுக்கே நடக்கும்போது குரல் வழியில் வேறாளாகிவிடும். பின்னால் வைக்கிற இரண்டும் சும்மா மழைக்கும் பறவைக்கும். சப்வூபர் என்கிற அடிச்சத்தப் பெட்டி அறைக்குத் தக்கபடி சின்னதாக இருந்தால் போதும். படத்தில் வரும் பேச்சில் முக்கால்வாசி நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. சென்டர் ஸ்பீக்கர் என்கிறார்கள். பார்க்கப் படுக்க வைத்த ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும். எங்களுக்கு வேண்டியது அதுதான். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

கடைக்காரர் கடைசியில் மனமில்லாமல் ஒரு செய்தி வாசிப்பைப் போட்டார். என் மனைவி கண்ணை மூடிக் கேட்டாள். மூன்றாவதாக வேறொரு ஸ்பீக்கர் வரிசையில் அதைப் போட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"இதுல அந்தம்மா எதுக்க உக்காந்து பேசறாங்க" என்றாள்.

ஐந்து ஸ்பீக்கர், ஒரு சின்ன சப்வூபர். சொல்லி வைத்துவிட்டு வந்தோம். வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் சாதிசனத்தில் எந்த வேலையும் அத்தோடு முடிவதில்லை. அவளுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியை ஒட்டித் தோப்பும் தேங்காய் நார் மில்லும். மில்லுக்கு நடுவில் நின்று வேலை வாங்கிப் பழகியவர் என்பதால் வீட்டுக்குள் பேசினாலும் மில்லுக்கு மேல்தான் பேசுவார். தங்கை வீட்டில் புதிதாக ஓர் அறை எழும்பினால் பால் காய்ச்சுகிற அன்றைக்குப் பிறந்த வீட்டுச் சீர் வர வேண்டும். அது சட்டம். என்ன வந்தது என்று ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கப் பார்க்க வேண்டும். அதுவும் சட்டம்.

போனில் கூப்பிட்டார். "ஏனுங் மாப்ளே, ஹோம் தியேட்டர் பாத்து வெச்சுட்டு வந்தீங்களாமா? அத உட்டுருங்க. அது நம்ம சீருங்க. நானே கொண்டாந்து எறக்கறேன்."

"மச்சான், அதுல சென்டருன்னு ஒன்னு..."

"எல்லாம் எனக்குத் தெரியுமுங்க. அந்தக் கடைக்காரரு நம்மாளு. பேசிட்டேன்."

மறுத்தால் அண்ணனைச் சபையில் அவமதித்ததாகும். என் மனைவி தலையை ஆட்டினாள். சரியென்றேன்.

பால் காய்ச்சும் நாள் காலையில் சீர் வந்தது. தாம்பாளத்தில் தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், வெற்றிலை, அவளுக்குப் பட்டு, எனக்கு வேட்டி. அதன் பின்னால் நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு பெட்டி. கன்றுக்குட்டி படுக்கிற அளவுக்கு இருந்தது. நெற்றி என்று அவர்கள் முடிவு செய்த இடத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம். இறக்கி வைக்கும்போது புது வண்டிக்கு வைப்பதுபோல் அடியில் ஓர் எலுமிச்சம்பழம். அது நசுங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள். சப்வூபருக்குக் குலவை!

திரையின் இரு பக்கமும் நிற்கிற இரண்டு டவர் ஸ்பீக்கர்கள் வந்தன. நாங்கள் சொன்ன வரிசைதான். பின்னால் வைக்க இரண்டு குட்டிகள். நான் அட்டைப் பெட்டிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நடு ஸ்பீக்கரைக் காணவில்லை.

"மச்சான், சென்டர்?"

அவருக்கு முந்தி அவர் மனைவி, எங்கள் நங்கையா, பதில் சொன்னார். "அதச் சேத்துனா ஆறு உருப்படி வருதுங்க. சீர் எப்பவாச்சும் ரெட்டைப்படைல வெப்பாங்களா? கடையில எண்ணிப் பாத்ததும் எனக்கு நெஞ்சே படபடன்னு ஆயிருச்சு. எது சின்னதோ அத எடுத்துரலாம்னு சொல்லிட்டேன்."

"கடைக்காரரும் அது இல்லாமலே ஓடுமுன்னுட்டாருங்க" என்றார் மச்சான். "அதுக்குப் பதுலாத்தான் இந்தப் பெரிசு. எப்பிடி?"

ஒற்றைப்படைக்காக ஒரு குரலைக் கழித்துவிட்டு வந்திருந்தார்கள். கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. ஓடத்தான் ஓடும். நடுவில் வரவேண்டிய பேச்சை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும். இரண்டு காதும் சரியாக உள்ளவன் நடுவில் உட்கார்ந்தால் அது நடுவில் கேட்பதுபோலவே தோன்றும். இரண்டு காதும் சரியாக உள்ளவனுக்கு.

அடுத்தது, வைக்கும் இடம். வாஸ்துப்படி பாரமான பொருள் தென்மேற்கில் இருக்க வேண்டும். கன்னி மூலை. பீரோ அங்கே, நெல் மூட்டை அங்கே, தலைமுறை தலைமுறையாய் எங்கள் வீடுகளின் கனமெல்லாம் அந்த மூலையில்தான் குவிந்து கிடக்கிறது. மச்சான் கையை நீட்டினார். நான்கு பேரும் கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்னி மூலையில் இறக்கினார்கள். இரண்டு சுவரும் தரையும் கூடுகிற முக்கில் அடிச்சத்தத்தை வைத்தால் மூன்றும் சேர்ந்து அதை ஊதிப் பெருக்கும் என்று வாயெடுத்தேன்.

"பெருகட்டுமுங்க மாப்ளே! கன்னி மூலைல பெருகறது நல்லதுதானுங்க!"

திரை கிழக்குச் சுவரில். நாங்கள் மேற்கே சாய்ந்து கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். அப்படியென்றால் கன்னி மூலை யாருக்கு எந்தப் பக்கம்? என் மனைவிக்கு வலப்பக்கம், காதோரம். மிச்சமிருந்த அந்த ஒரே காதின் வாசலில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டார்கள். இன்னொரு பக்கம், இடது டவரிலிருந்து வரும் பாதிப் பேச்சு செத்த காதில் போய் விழும். பகைவன் ஒருவன் உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. இதற்குப் பாசம் வேண்டும்.

பால் பொங்கியது. ஒறம்பரை மாடியேறியது. மச்சான் ரிமோட்டை எடுத்தார். ஏதோ ஒரு படத்தில் ஏதோ ஒரு லாரி கவிழ்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உத்தரத்திலிருந்து ஒரு பல்லி பொத்தென்று விழுந்தது. அது விழுந்த திசைக்கு என்ன பலன் என்று இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். கீழே கட்டியிருந்த மாடு கத்தியது. ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அடேயப்பா, குடலெல்லாம் ஒட்டுக்கா ஆடுது! சீருன்னா இது சீர்!" என்றார்.

எங்கள் பக்கத்தில் சத்தம்தான் சொத்துப் பத்திரம். கோயில் நோம்பிக்கு வாடகை ஸ்பீக்கரைக் கோட்டைச் சுவர்போல் அடுக்குவார்கள், அம்மனே காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு. கல்யாண மண்டபத்தில் பக்கத்து இலைக்காரனிடம் ரசம் வேண்டுமா என்று கேட்க ஜாடைதான் கதி. லாட்டரி விற்கிற ஜீப் ஒரு பக்கம், ஓட்டுக் கேட்கிற ஜீப் ஒரு பக்கம். சித்தூர் ரோட்டில் பஸ்காரன் ஆளில்லாத வயலைப் பார்த்து ஹாரன் அடிக்கிறான். யாருக்கும் யாரிடமும் சொல்ல எதுவும் இல்லை என்பது வெளியே தெரிந்துவிடாமல் இருக்க இத்தனை ஏற்பாடு. இப்போது அதைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தாயிற்று.

"எப்பிடி இருக்குது அம்மிணி?" என்றார் அண்ணன்.

"நல்லா இருக்குதுங்ணா" என்றாள் தங்கை.

எல்லோரும் போன பிறகு, தாம்பாளங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எல்லாரும் கெணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி இருக்குதுங்க."

அதன் பிறகு மாடியறை துணி மடிக்கிற இடமாயிற்று. இஸ்திரி போட்ட வேட்டி சேலைகளை அடுக்கச் சப்வூபரின் தலை வாகாக இருந்தது. அவள் போனில் படத்தைப் போட்டு வலது காதோரம் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். காதில் வைத்தால் படம் தெரியாது. கண்ணுக்கு நேரே பிடித்தால் பேச்சு விளங்காது. மாற்றி மாற்றிப் பிடிப்பாள். மேலே அத்தனை பெரிய திரை, இங்கே உள்ளங்கை அகலப் படம். நான் சப்வூபரின் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். சோபாவை நகர்த்தினேன். இடம் மாறி உட்காரச் சொன்னேன். பேச்சு அப்போதும் இரண்டு துண்டாகத்தான் வந்தது. ஒரு துண்டு எப்போதும் வீண்.

"சென்டர் ஒன்னு வாங்கிப் போடலாம் அம்மிணி" என்றேன்.

"அண்ணன் வந்து பாத்தா? ஆறாயிருமுங்க."

"ஆனா ஆகட்டும்."

"உங்களுக்கென்னங்க, நீங்க ஈசியாச் சொல்லிருவீங்க. நங்கையா எண்ணிப் பாக்காம உக்காரவே மாட்டாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோப்புக் குடும்பம் படம் பார்க்க வந்தது. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போகவும் இல்லை. திரைக்குக் கீழே காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் படியிறங்கியதும் சொன்னாள்: "நாளைக்குக் கோயம்புத்தூர் போலாமுங்க."

அதே விற்பனையாளர். அதே இரக்கம். "மேடம், அந்த வரிசையில சென்டர் கைவசம் இல்லை. இது வேற கம்பெனி. அதைவிடப் பெருசு, அதைவிட பவர் ஜாஸ்தி. ஒன்னும் வித்தியாசம் தெரியாது."

இந்த முறை அவள் அவரைத் தன் வலது பக்கம் வந்து நிற்கச் சொன்னாள். "எங்ககிட்ட இருக்கற டவரையும் நடுவுல இதையும் வெச்சு ஓட்டுங்க. ஒரு பொம்பள பேசிட்டே நடக்கற மாதிரி."

ஓட்டினார். திரையில் ஒருத்தி வலக்கோடியிலிருந்து பேசிக்கொண்டே நடந்து வந்தாள். நடுவுக்கு வந்தாள். இடப்பக்கம் போனாள்.

"நடுவுல வந்ததும் அவ வேற பொம்பள ஆயிர்றாளே" என்றாள் என் மனைவி.

"அப்படியெல்லாம் இல்லையே மேடம்."

"இன்னொருக்காப் போடுங்க."

போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்: இங்கே மாறுகிறாள், இங்கே திரும்பப் பழையவள் ஆகிறாள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர். அந்த மூன்று பெட்டிக்கும் ஒரே ஒரு பொருத்தம் பார்க்க அந்த ஆளுக்குக் கசந்தது. "வரவழைச்சுத்தான் தரணும், நாளாகும்" என்று முணுமுணுத்தார்.

"ஆகட்டுமுங்க" என்றாள் அவள்.

வந்தது. திரைக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு, உட்கார்ந்தால் காதுக்கு நேராக வருமாறு வைத்தோம். அவள் கன்னி மூலைக்குப் போனாள். கன்றுக்குட்டியின் வாலைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். ஒயரைச் சுருட்டாமல் அப்படியே தரையில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பழைய படம் ஒன்றைப் போட்டேன். போஸ்ட்மேனும் டீக்கடைக்காரனும் ஒரு கடனைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். கொஞ்ச நேரம் அவள் அசையவேயில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மச்சானும் நங்கையாவும் பலாப்பழத்தோடு வந்தது அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம். சாப்பிட்டு, பழத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு மாடிக்கு வந்தார்கள். மடித்த துணிகளை முன்னாடியே கட்டிலுக்கு மாற்றியிருந்தோம். அதே டீக்கடைப் படம் ஓடியது. மழை பெய்யும் காட்சி ஒன்று வந்ததும் மச்சான் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"பேஸ் பாத்தீங்களா மாப்ளே! அப்பிடியே நெஞ்சுக்குள்ள எறங்குது. நம்ம பெட்டி பெட்டிதானுங்க!"

பிளக் தரையில் செத்த பூரான் மாதிரி கிடந்தது. நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பக்கம் திரும்பாமல் இருக்கும் அளவுக்குப் புத்தி இருந்தது.

நங்கையாவின் விரல் மட்டும் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது. "ஏனுங், திரைக்குக் கீழ என்னமோ புதுசா இருக்குதே? நாலு, அஞ்சு... ஐயோ, ஆறு! அம்மிணி, ரெட்டைப்படை ஆயிருச்சே! சீரக் கெடுத்துப் போட்டீங்களே!"

"ஓடறது அஞ்சுதானுங் நங்கையா" என்றாள் என் மனைவி, பொறுமையாக. "அண்ணன் குடுத்த பெரிசு வாஸ்துவுக்கு அங்கயே உக்காந்துட்டு இருக்குது. அதுக்குக் கரண்டு குடுக்கறதில்ல."

மச்சான் திரும்பி மூலையைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். நெஞ்சில் வைத்த கை இன்னும் அங்கேயே இருந்தது.

"கரண்டே குடுக்கலியா? அப்ப இப்ப நெஞ்சுல எறங்குனது?"

"அது பலாப்பழமுங்ணா."

நங்கையா முந்தானையால் வாயைப் பொத்தினார். நான் எழுந்து ஜன்னலைத் திறப்பதுபோல் முதுகைக் காட்டி நின்றேன். மச்சான் நெஞ்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சபையில் பல்லியைக் கீழே தள்ளிய சீர் அது. அவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும்.

திரையில் டீக்கடைக்காரன் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே, போஸ்ட்மேனின் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் ஏதோ சொன்னான். என் மனைவி முதல் ஆளாகச் சிரித்தாள். நானும் நங்கையாவும் அவளுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தோம். மில்லுச் சத்தத்திலேயே காலம் கழித்த மச்சான் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பிறகு, சிரிக்க வேண்டிய இடம்போல இருக்கிறது என்று அவரும் சிரித்தார்.

அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"என்ன சொன்னானம்மிணி?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அவள் சோபாவில் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் காதுக்கு நேராகக் குனிந்து, டீக்கடைக்காரன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.